கல்லுக்கு வயது கண்டுபிடித்தவர்



உங்களுக்கு என்ன வயது என்று யாராவது கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அம்மாவும் பாட்டியும் இருக்கிறார்கள். மாட்டுக்கு என்ன வயது என்று கேட்டால், சந்தையில் இருக்கும் தரகர் அதன் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். வெட்டிய மரத்தின் வயதை அதற்குள் இருக்கும் வளையங்களை எண்ணிச் சொல்லலாம்.

ஒரு கருங்கல்லின் வயதை எப்படிச் சொல்வது? அதற்குப் பல்லும் இல்லை, வளையமும் இல்லை. அது பிறந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தவரும் யாரும் இல்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தன் வாழ்நாளைக் கழித்த ஓர் அறிஞரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம். அவர் பெயர் ஆர்தர் ஹோம்ஸ்.

புத்தக ஓரத்தில் ஓர் எண்

இங்கிலாந்து நாட்டின் வடகிழக்கில் டைன் என்ற ஆறு ஓடுகிறது. அந்தப் பகுதியில், நியூகாசில் நகருக்கு அருகே, 1890-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆர்தர் ஹோம்ஸ் பிறந்தார். தந்தை மரச்சாமான்கள் செய்யும் தச்சர். செல்வக் குடும்பம் இல்லை. ஆனால் பக்தியும் ஒழுங்கும் உள்ள குடும்பம்.

வீட்டில் ஒரு பெரிய பைபிள் இருந்தது. அதன் முதல் பக்கத்தின் ஓரத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆண்டு கி.மு. 4004 என்று அச்சிடப்பட்டிருந்தது. ஜேம்ஸ் அஷ்ஷர் என்ற பேராயர் 17-ஆம் நூற்றாண்டில் போட்ட கணக்கு அது. சிறுவன் ஆர்தர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான். நாலாயிரம் என்றால் சரி, அதென்ன கடைசியில் ஒரு நான்கு? அவ்வளவு துல்லியமாக ஒருவர் எப்படிச் சொன்னார்? இந்தக் கேள்வி அவன் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

பிறகு கேட்ஸ்ஹெட் நகரப் பள்ளியில் படித்தபோது, அவனுடைய இயற்பியல் ஆசிரியர் வேறொரு பெரியவரின் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெரியவர் கெல்வின் பிரபு. அந்தக் காலத்தில் இயற்பியலில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

கெல்வின் போட்ட கணக்கு

அடுப்பிலிருந்து இறக்கிய பால் மெல்ல மெல்ல ஆறுகிறது அல்லவா? இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்தால், எப்போது இறக்கினார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கெல்வின் பூமிக்கும் இப்படித்தான் கணக்குப் போட்டார். பூமி தொடக்கத்தில் உருகிய நெருப்புக் கோளமாக இருந்தது. அது ஆறி இந்த நிலைக்கு வர எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்? 1897-ஆம் ஆண்டில் அவர் சொன்ன விடை, 2 கோடி முதல் 4 கோடி ஆண்டு வரை.

நிலவியல் அறிஞர்களுக்கு இந்த விடை பிடிக்கவில்லை. மழையும் ஆறும் மலையைக் கரைத்து, அந்த மண் கடலில் படிந்து, மறுபடியும் பாறையாக இறுகுவதற்கு 4 கோடி ஆண்டு போதாது என்று அவர்கள் நினைத்தார்கள். ஆனால் கெல்வினை எதிர்த்துச் சொல்ல அவர்களிடம் கணக்கு இல்லை.

அதே சமயத்தில் பிரான்ஸ் நாட்டில் ஒரு புதுமை நடந்தது. 1896-ஆம் ஆண்டு ஹென்றி பெக்கரல் என்பவர், யுரேனியம் என்ற உலோகத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெளிவருவதைக் கண்டார். 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்தத் தன்மைக்குக் கதிரியக்கம் என்று பெயர். கதிரியக்கப் பொருள்கள் வெப்பத்தையும் வெளிவிடுகின்றன. அப்படியானால், பூமி ஆறிக்கொண்டு மட்டும் இல்லை; அதற்குள்ளேயே வெப்பம் பிறந்துகொண்டும் இருக்கிறது. கெல்வினின் கணக்கு இங்கே ஆட்டம் கண்டது.

கதிரியக்கம் வேறொன்றையும் கொடுத்தது. அதுதான் கல்லுக்குள் ஒரு கடிகாரம்.

கல்லுக்குள் ஒரு நாள்காட்டி

உங்கள் வீட்டுச் சுவரில் தினமும் ஒரு தாளைக் கிழிக்கும் நாள்காட்டி மாட்டியிருக்கும். கிழித்த தாள்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டுவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாள் கழித்து ஒரு விருந்தாளி வருகிறார். பெட்டியில் உள்ள தாள்களை எண்ணினாலே போதும். அந்த நாள்காட்டியை மாட்டி எத்தனை நாள் ஆயிற்று என்று அவர் சொல்லிவிடுவார்.

கருங்கல்லும் இப்படித்தான். பூமிக்கு அடியில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி இறுகும்போது கிரானைட் என்ற கருங்கல் உண்டாகிறது. அப்போது அதற்குள் பல கனிமங்கள் பளிங்குபோல் உருவாகின்றன. சிர்கான் போன்ற சில கனிமங்கள் தங்களுக்குள் சிறிதளவு யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த நொடியில் நாள்காட்டி சுவரில் மாட்டப்படுகிறது.

யுரேனிய அணுக்கள் ஒவ்வொன்றாகச் சிதைந்து, பல படிகளைத் தாண்டி, கடைசியில் ஈயமாக மாறுகின்றன. யுரேனியம் என்பது கிழிக்காத தாள். ஈயம் என்பது கிழித்துப் பெட்டியில் போட்ட தாள்.

ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நாம் நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிறோம். யுரேனியம் அப்படி அல்ல. குறிப்பிட்ட காலத்தில் அதில் சரிபாதி மாறிவிடும். அதே அளவு காலம் மறுபடியும் கழிந்தால், மிச்சம் இருப்பதில் பாதி மாறும். இந்தக் காலத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். சாதாரண யுரேனியத்தின் அரை ஆயுள் சுமார் 450 கோடி ஆண்டு! கல் வெயிலில் காய்ந்தாலும் மழையில் நனைந்தாலும் இந்த வேகம் மாறுவதில்லை. அதனால்தான் இது நம்பகமான கடிகாரம்.

1907-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ட்வுட் என்ற வேதியியலார், யுரேனியமும் ஈயமும் கலந்த பல கனிமங்களை ஆராய்ந்து, அவற்றின் வயதைக் கணக்கிட்டு வெளியிட்டார். எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள். ஆனால் அவர் பிறகு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். பாதியில் நின்ற வேலையை எடுத்துச் செய்ய ஒருவர் வேண்டியிருந்தது.

நார்வே நாட்டுக் கல்

அதே 1907-ஆம் ஆண்டில், 17 வயது ஆர்தர் ஹோம்ஸ் கல்வி உதவித்தொகை பெற்று லண்டனில் உள்ள ராயல் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகை ஆண்டுக்கு 60 பவுன்தான். லண்டனில் வாழ அது போதாது. முதலில் இயற்பியல் படித்தார். இரண்டாம் ஆண்டில் நிலவியலும் படித்துப் பார்த்தார். ஆசிரியர்கள் வேண்டாம் என்று சொல்லியும் நிலவியல் பக்கமே போய்விட்டார். இயற்பியலும் தெரிந்து கல்லையும் தெரிந்தவர்கள் அன்று மிகச் சிலரே. அது பின்னால் அவருக்குப் பெரிய பலமாக அமைந்தது.

அங்கே ராபர்ட் ஸ்ட்ரட் என்ற பேராசிரியர் இருந்தார். யுரேனியம் சிதையும்போது ஹீலியம் என்ற வாயுவும் உண்டாகும். ஸ்ட்ரட் அந்த ஹீலியத்தை அளந்து கல்லின் வயதைக் கணித்துவந்தார். ஆனால் வாயு அல்லவா? அது கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லைவிட்டுக் கசிந்துவிடும். கிழித்த தாள்களை ஜன்னல் ஓரம் வைத்தால் காற்றில் பறந்துவிடுவதுபோல! மிச்சத்தை எண்ணினால் வயது குறைவாகத்தான் வரும். ஈயம் பறக்காது. எனவே ஈயத்தை அளப்பதே சரி என்று ஹோம்ஸ் முடிவு செய்தார்.

அவர் எடுத்துக்கொண்டது நார்வே நாட்டிலிருந்து வந்த ஒரு பாறை. கருங்கல்லைப் போலவே உருகிய குழம்பு ஆறிப் பிறந்தது. அதை இடித்துத் தூளாக்கினார். கனிமங்களைத் தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொன்றையும் உருக்கி, கரைத்து, அதில் உள்ள யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்தார். ஈயம் கண்ணுக்குத் தெரியாத அளவே இருக்கும். கை சிறிது நடுங்கினாலும், பாத்திரத்தில் தூசு ஒட்டியிருந்தாலும் விடை மாறிவிடும். ஆகவே ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தார்.

கடைசியில் வந்த விடை 37 கோடி ஆண்டு. கெல்வின் முழுப் பூமிக்கே 4 கோடிக்கு மேல் கொடுக்கவில்லை. இங்கே ஒரே ஒரு கல்லுக்கு 37 கோடி!

ஹோம்ஸ் அத்தோடு நிற்கவில்லை. மற்றவர்கள் முன்பே அளந்து வைத்திருந்த பல நாட்டுக் கனிமங்களின் கணக்கையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரித்தார். ஸ்வீடன், அமெரிக்கா என்று நீண்ட அந்தப் பட்டியலில் எல்லாவற்றையும்விட மூத்தது எது தெரியுமா? நம் பக்கத்து நாடான இலங்கையிலிருந்து சென்ற கனிமம்தான். அதற்கு வந்த வயது 164 கோடி ஆண்டு. அப்போது ஹோம்ஸின் வயது 21.

காய்ச்சலில் கிடந்த நாள்கள்

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. ஆனால் எழுதியவர் அங்கே இல்லை. உதவித்தொகை போதாமல் கடன் ஏற்பட்டதால், ஆப்பிரிக்காவில் உள்ள மொசாம்பிக் நாட்டுக்குக் கனிமம் தேடும் வேலைக்குப் போய்விட்டார்.

மொசாம்பிக் காடுகளில் மாதக்கணக்கில் நடந்தார். விலைமதிப்புள்ள கனிமம் எதுவும் கிடைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சல்தான் கிடைத்தது. அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், அவர் இறந்துவிட்டதாகவே ஊருக்குச் செய்தி போய்விட்டது! ஆனால் பிழைத்துக்கொண்டார்.

அந்தக் காட்டில் அவர் கண்டது வேறொன்று. பார்க்கும் இடமெல்லாம் மிகப் பழமையான கருங்கல் வகைப் பாறைகள். வரிவரியாக வளைந்து நெளிந்து கிடந்தன. அவற்றின் மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அந்தப் பாறைகளை எந்த வரிசையில் வைப்பது? எது மூத்தது, எது இளையது? அன்று யாருக்கும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் மொசாம்பிக்குக்கு வருவோம்.

ஊர் திரும்பியதும் லண்டன் கல்லூரியிலேயே சிறு வேலை கிடைத்தது. 1913-ஆம் ஆண்டு, தம் 23-ஆம் வயதில், பூமியின் வயது என்ற நூலை வெளியிட்டார். பூமிக்குச் சுமார் 160 கோடி ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்.

வேடிக்கை என்னவென்றால், கெல்வின் கொடுத்த காலம் போதவில்லை என்று குறைப்பட்ட நிலவியல் அறிஞர்களில் பலர், இப்போது ஹோம்ஸ் கொடுத்த காலம் மிக அதிகம் என்று நம்ப மறுத்தார்கள். கடலில் சேர்ந்துள்ள உப்பை வைத்துச் சுமார் 10 கோடி ஆண்டு என்று அவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பழகியிருந்தார்கள். ஹோம்ஸ் கோபப்படவில்லை. இன்னும் அதிகக் கற்களை அளந்து காட்டுவதுதான் சரியான பதில் என்று வேலையைத் தொடர்ந்தார்.

பர்மாவில் நேர்ந்த துயரம்

1914-இல் மேகி என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். பெயர் நார்மன். கல்லூரிச் சம்பளம் குடும்பம் நடத்தப் போதவில்லை. ஆகவே 1920-ஆம் ஆண்டு பர்மாவில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் தலைமை நிலவியலாளர் வேலையை ஏற்றுக்கொண்டு குடும்பத்தோடு கப்பல் ஏறினார். இன்று அந்த நாட்டுக்கு மியான்மர் என்று பெயர்.

அங்கே எதுவும் நல்லபடியாக நடக்கவில்லை. நிறுவனம் நொடித்துப் போயிற்று. சம்பளம் கைக்கு வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய அடியாக, மூன்று வயதுக் குழந்தை நார்மன் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்துபோனான். குழந்தையோடு போன பெற்றோர் வெறுங்கையோடு இங்கிலாந்து திரும்பினார்கள்.

உலகத்தின் வயதைக் கணித்தவருக்கு அன்று ஊரில் ஒரு வேலை கிடைக்கவில்லை. பிழைப்புக்காக நியூகாசில் நகரில் கீழை நாட்டுக் கைவினைப் பொருள்கள் விற்கும் கடையைக் கொஞ்ச காலம் நடத்தினார். நாமாக இருந்தால் கல்லாவது வயதாவது என்று எல்லாவற்றையும் விட்டிருப்போம். ஹோம்ஸ் விடவில்லை.

1924-ஆம் ஆண்டு, டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் புதிதாக நிலவியல் துறை தொடங்கினார்கள். அதற்கு ஹோம்ஸை அழைத்தார்கள். துறை என்றால் பெரிய கூட்டம் என்று நினைக்காதீர்கள். அந்தத் துறையில் இருந்த ஒரே ஆசிரியர் அவர்தான்! அந்தச் சிறிய துறையில் இருந்துகொண்டே உலகம் முழுவதும் உள்ள கற்களின் வயதை வரிசைப்படுத்தினார். 1931-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு பூமியின் வயது பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டபோது, அதன் பெரும் பகுதியை எழுதியவர் ஹோம்ஸ்தான். அதன் பிறகு எதிர்ப்புக் குரல்கள் அடங்கின. கற்களின் வயதைச் சொல்லக் கதிரியக்கக் கடிகாரமே சிறந்தது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பெட்டியில் பழைய தாள்

ஆனால் ஹோம்ஸுக்கே தம் கணக்கில் ஒரு குறை தெரிந்தது.

மறுபடியும் நாள்காட்டிக்கு வருவோம். பெட்டியில் உள்ள தாள்களை எண்ணுகிறோம். அதில் போன ஆண்டுத் தாள்களும் கலந்து கிடந்தால்? எண்ணிக்கை தவறிவிடும் அல்லவா? கல்லுக்குள்ளும் இப்படி நடக்கும். கல் பிறக்கும்போதே கொஞ்சம் ஈயம் அதில் கலந்திருக்கலாம். அது யுரேனியத்திலிருந்து வந்தது அல்ல. தோரியம் என்ற வேறொரு பொருளும் சிதைந்து ஈயமாகிறது. எந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஈயத்தில் எடை வேறுபட்ட நான்கு வகை அணுக்கள் உண்டு. அவற்றின் எண்கள் 204, 206, 207, 208. இவற்றில் 206, 207 இரண்டும் யுரேனியத்திலிருந்து வருகின்றன. 208 தோரியத்திலிருந்து வருகிறது. 204 மட்டும் எதிலிருந்தும் புதிதாக உண்டாவதில்லை. எனவே 204 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், பழைய ஈயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். போன ஆண்டுத் தாளின் நிறம் வேறாக இருந்தால் பொறுக்கி எடுத்துவிடலாம் அல்லவா? அதுபோலத்தான்.

அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியை வைத்து, அமெரிக்காவின் ஆல்பிரட் நியர் என்ற இயற்பியலார் பல நாட்டு ஈயத்தை அளந்து வெளியிட்டார். ஹோம்ஸ் அந்த எண்களை எடுத்துக்கொண்டார். அதில் கிரீன்லாந்திலிருந்து வந்த மிகப் பழமையான ஈயமும் இருந்தது. கையால் சுழற்றும் கணக்கு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டார். 1946-ஆம் ஆண்டு பூமியின் வயது சுமார் 300 கோடி என்றார். மறு ஆண்டே அதைத் திருத்தி, சுமார் 335 கோடி என்றார். அதற்குள் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகியிருந்தார்.

கற்களின் குடும்ப வரிசை

பழைய கற்களுக்கு வயது தெரிவதால் என்ன பயன்?

பிற்காலப் பாறைகளில் சங்கு, மீன், இலை போன்றவற்றின் புதைபடிவங்கள் இருக்கும். அவற்றை வைத்து எது முன்பு, எது பின்பு என்று சொல்லலாம். மிகப் பழமையான கருங்கற்களில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. பக்க எண் அச்சிடாத புத்தகத்தின் தாள்கள் கலைந்து கிடப்பதுபோல் அவை கிடந்தன. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பதால், எல்லாம் ஒரே காலத்துக் கற்கள் என்றுகூடப் பலர் நினைத்தார்கள்.

கதிரியக்கக் கடிகாரம் இந்தத் தாள்களுக்குப் பக்க எண் போட்டது. பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு கருங்கல் பகுதிகளுக்கு நடுவே நூறு கோடி ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம் என்று தெரிந்தது. பூமியில் மலைகள் ஒரே ஒரு முறை எழவில்லை. எழுந்தன, தேய்ந்தன, மறுபடியும் எழுந்தன. ஒவ்வொரு முறையும் புதிய கருங்கல் பிறந்தது.

1948-இல் நடந்த உலக நிலவியல் மாநாட்டுக்காக ஹோம்ஸ், ஆப்பிரிக்காவின் பழமையான மலைத் தொடர்களை வயது வாரியாக வரிசைப்படுத்தினார். கிழக்கு ஆப்பிரிக்காவில் நீளும் ஒரு பகுதிக்கு மொசாம்பிக் பட்டை என்று பெயர் வைத்தார். இன்றும் அதுவே அதன் பெயர். 21 வயதில் காய்ச்சலோடு நடந்த அதே பாறைகளுக்கு, ஏறத்தாழ 40 ஆண்டு கழித்து அவரே இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார்!

அவர் பார்வை நம் நாட்டுக் கற்கள் மீதும் விழுந்தது. பீகாரில் உள்ள கயா மாவட்டத்திலும் ராஜஸ்தானிலும் கிடைத்த கனிமங்களின் வயதை நியர் முதலியவர்களோடு சேர்ந்து கணித்தார். 1955-இல் இந்தியத் தீபகற்பம், இலங்கை ஆகியவற்றின் மிகப் பழமையான பாறைகளின் வயதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். அவர் போட்ட பாதையில் பிறகு பலர் வந்தார்கள். சென்னைக்கு அருகே பல்லாவரம் குன்றில் கிடைக்கும் சார்னோக்கைட் என்ற பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று இன்று நமக்குத் தெரிகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. கண்டங்கள் இடம் பெயர்கின்றன என்று ஜெர்மனியின் வெக்னர் 1912-இல் சொன்னபோது, எது அவற்றை நகர்த்துகிறது என்று கேட்டுப் பலர் சிரித்தார்கள். ஹோம்ஸ் சிரிக்கவில்லை. கதிரியக்க வெப்பத்தால் பூமியின் உள்பகுதி, உலையில் கொதிக்கும் நீரைப்போல, மிக மெதுவாக மேலெழுந்து கீழிறங்குகிறது. அதன்மேல் கண்டங்கள் நகர்கின்றன என்று 1920-களின் இறுதியிலேயே விளக்கம் சொன்னார். 1960-களில்தான் உலகம் அந்த வழிக்கு வந்தது.

அழித்து எழுதிய விடை

1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். ஹோம்ஸ் சொன்ன 335 கோடியைவிட இது மிக அதிகம். தம் வாழ்நாள் உழைப்பை இன்னொருவர் திருத்திவிட்டாரே என்று ஹோம்ஸ் வருந்தினாரா? இல்லை. தயங்காமல் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டில் தாம் எழுதிய கட்டுரையில் சுமார் 450 கோடி ஆண்டு என்றே குறிப்பிட்டார்.

உண்மையில், அவர் தம் விடையைத் தாமே எத்தனை முறை திருத்தியிருக்கிறார் பாருங்கள். முதலில் 160 கோடி. பிறகு 300 கோடி. பிறகு 335 கோடி. கடைசியில் 450 கோடி. நார்வே நாட்டுக் கல்லுக்கு 21 வயதில் அவர் சொன்ன 37 கோடியும் பிற்காலத்தில் குறைந்துவிட்டது. அந்தப் பாறை அவ்வளவு பழையது அல்ல என்று நுட்பமான கருவிகள் காட்டின. விடை மாறியது, வழி மாறவில்லை. கல்லுக்குள் இருக்கும் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து வயது சொல்லும் வழியைத்தான் இன்றும் உலகம் பின்பற்றுகிறது.

1956-இல் ஹோம்ஸ் ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் லண்டன் நிலவியல் சங்கத்தின் வொல்லாஸ்டன் பதக்கமும், அமெரிக்க நிலவியல் சங்கத்தின் பென்ரோஸ் பதக்கமும் அவரைத் தேடி வந்தன. 1944-இல் அவர் எழுதிய பாடநூலை உலகின் பல நாட்டு மாணவர்கள் விரும்பிப் படித்தார்கள். முதுமையிலும் அதை விரிவாகத் திருத்தி எழுதினார். 1965-இல் புதிய பதிப்பு வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் லண்டனில் காலமானார்.

குழந்தைகளே! நான் ஆசிரியராக இருந்த காலத்தில், விடையைத் தவறாகப் போட்டுவிட்டு நோட்டை ஒளித்து வைக்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அழித்து எழுதினால் மானம் போய்விடும் என்று நினைப்பார்கள். ஆர்தர் ஹோம்ஸ் உலகமே பார்க்க அழித்து எழுதினார். ஒருமுறை அல்ல, பலமுறை. அதனால் அவர் பெயர் கெடவில்லை. செவ்வாய்க் கோளில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கணக்கில் தவறு வந்தால் நோட்டை மூடாதீர்கள். ரப்பரை எடுங்கள், மறுபடியும் போடுங்கள்.

தெரிந்துகொள்ளுங்கள்

* கனடாவின் வடமேற்கில் உள்ள அகாஸ்டா பாறையின் வயது சுமார் 400 கோடி ஆண்டு. அதுவும் கருங்கல் வகைப் பாறையாகப் பிறந்து, பிறகு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறியதுதான்.

* மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த மிகச் சிறிய சிர்கான் மணி ஒன்றின் வயது சுமார் 440 கோடி ஆண்டு. அது இருந்த பழைய கல் தேய்ந்து மறைந்துவிட்டது. மணி மட்டும் மிச்சம் இருக்கிறது.

* சிர்கான் மணிகள் பெரும்பாலும் மணல் துகள் அளவே இருக்கும். அவற்றின் வயதை இன்று கருவிகள் அந்தத் துகளுக்குள்ளேயே பல இடங்களில் தனித்தனியாக அளக்கின்றன.